வரிவாலியின் வயிற்றுக் காவலர்கள்

ஏரிக்கரைக் காட்டில் வரிவாலி என்றொரு காட்டுப்பூனை இருந்தது. அதன் குடலுக்குள் ஒரு காவல்படை இருந்தது. எல்லோர் குடலிலும் இருக்கிறதுதான். வரிவாலியின் காவலர்கள் வாய்திறந்து பேசுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொருவனும் கடுகை நூறாக்கினால் அதில் ஒரு துண்டளவு. குரல் மட்டும் சிங்கத்தினுடையது. தலைவன் பெயர் கடுக்கன்.

ஒரு மழைக்காலத்தில் குடலுக்குள் நிஜமாகவே ஒரு புழு வந்தது. படை பாய்ந்து, கடித்துத் துரத்தியது. வரிவாலி சும்மா இருந்திருக்கலாம். "என் சூரப்புலிகளே! உங்களைப்போல் உண்டா!" என்று மூன்று நாள் புகழ்ந்தது. அதோடு தொலைந்தது நிம்மதி.

நாலாம் நாள் அயிரைமீன் தின்றது. வயிறு சுரீர் என்றது. தின்றது அத்தனையும் வாய்வழியே திரும்பிவிட்டது.

"யாரடா உள்ளே கடிக்கிறது?" என்று தன் வயிற்றைப் பார்த்துக் கத்தியது வரிவாலி.

"நாங்கள்தான் தாயே! எதிரி நுழைந்துவிட்டான்!" என்றான் கடுக்கன்.

"அது அயிரைமீன்டா! நேற்றும் வந்தது, முந்தாநாளும் வந்தது!"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். தினமும் எதற்கு வருகிறது? அன்றைக்குப் புழுவின் பக்கத்தில் நின்றது இதே அயிரைதான். எலியும் நின்றது. இரண்டு முகமும் எனக்கு மறக்காது!"

"புழுதான் ஓடிவிட்டதே!"

"எங்கே ஓடியது? குடல் சுவரைப் பாருங்கள், சிவந்து வீங்கிக் கிடக்கிறது. எதிரியின் கைவரிசை!"

"அட கூறுகெட்டவனே! அது நீ கடித்து வீங்கினது!"

"சண்டையில் ஒன்றிரண்டு தவறிப் படும்தான். அதற்காக இவ்வளவு வீக்கமா? எதிரி மலையளவு இருப்பான். டேய், இன்னும் ஆயிரம் பேரை வரச் சொல்லுங்கடா!"

ஆயிரம் பேர் வந்தார்கள். கடித்தார்கள். சுவர் இன்னும் வீங்கியது. அந்த வீக்கத்தைப் பார்த்து இரண்டாயிரம் பேர் வந்தார்கள்!

இப்படியே மாதங்கள் போயின. எலி தின்றாலும் அதே கதை. வரிவாலி இளைத்து இளைத்து, அதன் நிழலே அதைவிடப் பருமனாக விழுந்தது. காற்றடித்தால் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொள்ளும்.

சிநேகிதன் நீர்நாய் வந்து பார்த்தது. "அக்கா, அடுத்த மழைக்கு நீ இருக்கமாட்டாய். அந்த மடையர்களை ஒழித்துவிட்டால் என்ன?"

"ஒழித்துவிட்டு? நாளைக்கு நிஜப் புழு வந்தால் நீ உள்ளே போய்ப் பார்ப்பாயா?"

"அப்படியானால் அந்தக் கடுக்கன் பார்த்திராத முகமாக அனுப்பு. காடை தின்றிருக்கிறாயா?"

"இல்லையே!"

அன்றே ஒரு காடை உள்ளே போனது.

"நில்! யார் நீ?"

"காடை."

"புழுவோடு நின்றாயா?"

"நான் இந்தப் பக்கம் வருவதே இப்போதுதான்."

கடுக்கன் யோசித்தான். கடிக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. "சரி, போ போ" என்றான்.

அதன்பிறகு காடையைத் தவிர வேறெதையும் வரிவாலி வாயில் வைக்கவில்லை. கடி நின்றது. சுவரின் சிவப்பு மெல்ல வடிந்தது. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது.

"எதிரி ஓடிவிட்டான்! வெற்றி தாயே, வெற்றி!" என்று கடுக்கன் குதித்தான்.

"வந்திருந்தால்தானேடா ஓடுவான்!" என்று வரிவாலி தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் இந்தமுறை புகழவில்லை.

இப்போதெல்லாம் அது ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரும். ஒருநாள் நீர்நாய் கேட்டது: "அக்கா, ஒரே ஒரு அயிரை? வால் மட்டும்?"

வரிவாலியின் நாக்கு லேசாக வெளியே வந்தது.

"யார் அங்கே?" என்று வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"யாருமில்லை! நீ தூங்குடா ராசா!"

தான் கடித்த காயத்தையே எதிரி வந்ததற்குச் சாட்சியாகக் காட்டும் காவலன், எதிரியைவிடப் பெரிய தொல்லை.