கடைசி அம்பும் கிரைண்டரும்

செங்கோடன் குறி தப்பாத ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவனுக்கு எறியத் தெரியாமல்தான் இப்படி ஆயிற்று என்று நீங்கள் பழி போடுவீர்கள். புளியமரத்தில் எந்தப் பழத்தைக் காட்டுகிறீர்களோ, அவன் கல்லுக்கு அதுதான் விழும். கை அப்படி. தலை விஷயம் வேறு.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, சுண்ணாம்பைக் கட்டியில்லாமல் கலக்கச் சொன்னாள் பெண்டாட்டி பூவாத்தா. கட்டியில்லாமல் கலக்குவது எது என்று யோசித்து, அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த கிரைண்டரில் சுண்ணாம்பைக் கொட்டி ஓடவிட்டான் நம் மகராசன். சுவர் பளிச்சென்று ஆனது. கிரைண்டர் உயிரை விட்டது.

"ஏனுங், மேட்டுக்கடையில பலகைல அம்பெறியுற டார்ட்ஸ் போட்டியாமா. மொதப் பரிசு கிரைண்டராமா," என்றாள் பூவாத்தா. "செயிச்சு எடுத்துட்டு வாங்க. இல்லீன்னா வருசம் பூரா ஆட்டுக்கல்லுல நீங்கதான் மாவாட்டோணும்."

செங்கோடன் ஆட்டுக்கல்லைத் திரும்பிப் பார்த்தான். அவன் மாமனாரும் அதே வீட்டில்தான் இருந்தார். அவருக்கு மூன்று வேளையும் இட்லி வேண்டும்.

அர்த்தனாரி, சென்னிமலை என்று இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு மேட்டுக்கடைக்குப் போனான். போட்டி நடத்துகிற ஜோசப் சார், வட்டப் பலகையைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார்.

"ஒரு தடவைக்கு மூணு அம்பு. ஐநூத்தி ஒண்ணுல ஆரம்பிச்சு, குத்துற இடத்து மதிப்பெண்ணைக் கழிச்சுக்கிட்டே வரணும். சரியா பூஜ்யத்துல முடிக்கிற அணி ஜெயிச்சது. கடைசி அம்பு மட்டும் விளிம்புல இருக்கிற இந்த ஒல்லி வளையத்துல குத்தணும். அங்க குத்தினா மதிப்பெண் இரட்டிப்பு. பூஜ்யத்துக்குக் கீழே போயிட்டா பஸ்ட், அந்தத் தடவை எறிஞ்சது செல்லாது, பழைய கணக்குக்குத் திரும்பிடணும். அப்புறம், தரையில இருக்கிற இந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. புரிஞ்சுதா?"

மூவரும் பலமாகத் தலையாட்டினார்கள். அடடா, அந்தத் தலையாட்டலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

ஜோசப் சாரிடம் ஒரு பலகையும் மூன்று அம்பும் இரவல் வாங்கி, ஊருக்கு வந்து மாட்டுக்கொட்டகையில் கோடு கிழித்துப் பயிற்சியைத் தொடங்கினார்கள். முதல் தடவையே சிக்கல். எறிந்த அம்புகள் பலகையில் நிற்கின்றன, எடுக்கப் போனால் கோட்டைத் தாண்ட வேண்டும். ஆழ்ந்து யோசித்து வழி கண்டுபிடித்தார்கள். பின்வாசல் வழியாக வெளியேறி, வைக்கோல்போரைச் சுற்றி, முன்வாசல் வழியாக உள்ளே வந்து அம்பைப் பிடுங்கினார்கள். எருமை தினமும் அந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து, கடைசி அம்பு பற்றி விவாதம்.

"மாப்ள, மூணும் ஒரே மாதிரி இருக்குது. இதுல கடைசி அம்பு எது?" என்றான் அர்த்தனாரி.

"நாமதான் முடிவு பண்ணோணும்," என்றான் செங்கோடன்.

நேராக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மஞ்சள் கயிறு கட்டி, சூடம் காட்டினார்கள். அது கடைசிக்கு உரியது, இப்போதே எறிந்து தேய்த்துவிடக் கூடாது என்று செங்கோடன் வீட்டு அரிசி டிரம்முக்குள் பத்திரப்படுத்தினார்கள்.

போட்டி நாளும் வந்தது. எதிரணி மேட்டுக்கடைக்காரர்கள், தலைவன் கிருபாகரன்.

"மூணாவது அம்பு எங்கப்பா?" என்றார் ஜோசப் சார்.

"அது கடைசிக்குங் சார். வூட்ல பத்திரமா இருக்குது," என்றான் செங்கோடன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆட்டத்தை ஆரம்பித்து வைத்தார்.

செங்கோடன் எறிந்த ஒவ்வொன்றும் இருபதில் போய்க் குத்தியது. சென்னிமலைக்குத்தான் பொறுக்கவில்லை. "அநியாயத்தப் பாரு மாப்ள! நாம நல்லா எறிய எறிய இவரு மார்க்கைக் கொறைக்கிறாரு!" என்று கண் கலங்கினான். தன் முறை வந்தபோது, இருக்கிற மார்க்கையாவது காப்பாற்றுவோம் என்று இரண்டு அம்பையும் ஜன்னல் வழியே தெருவுக்கு எறிந்தான். அம்புகளைப் பொறுக்கி வந்து, அவன் கையைக் குலுக்கிவிட்டு, அர்த்தனாரியும் அப்படியே செய்தான்.

இத்தனைக்கும் பிறகு செங்கோடன் ஒருவனே இருபது இருபதாய்க் குத்தி, கடைசியில் ஓர் ஒன்பதும் சேர்த்து, கணக்கை முப்பத்திரண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான் என்றால், அந்தக் கையை என்ன சொல்ல! எதிரணிக்கு நாற்பது பாக்கி. செங்கோடன் முறை. மேசைமேல் கிரைண்டர் மினுமினுத்தது, அவன் கண்ணுக்குள் ஆட்டுக்கல் சுற்றியது. மூச்சைப் பிடித்து எறிந்தான். பதினாறின் ஒல்லி வளையத்தில் நச்சென்று குத்தியது.

"முப்பத்திரண்டு! பூஜ்யம்! ஜெயிச்சாச்சு!" என்று துள்ளினார் ஜோசப் சார். கூட்டம் விசிலடித்தது.

செங்கோடன் முகம் வாடிவிட்டது. "அதெப்படிங் சார்? கடைசி அம்பு இன்னும் எறியவே இல்லீங்களே?"

"இதுதானப்பா கடைசி அம்பு!"

"இது மொத அம்புங் சார். கடைசி அம்பு அரிசி டிரம்முல இருக்குது."

"அட கடவுளே! கிரைண்டரைத் தூக்கிட்டுப் போங்கப்பா!"

"ஏமாத்தி வாங்கின கிரைண்டர்ல அரைச்சா மாவு பொங்குமாங் சார்?" என்றான் அர்த்தனாரி. சொல்லிவிட்டு மொபெட்டை முடுக்கி ஊருக்குப் பறந்தான். அரிசி ஒட்டிய அம்போடு திரும்பி வந்தான். கூட்டத்தில் ஒருவரும் கலையவில்லை. இப்படி ஒரு கூத்தை விட்டுவிட்டு யார் போவார்கள்?

செங்கோடன் மஞ்சள் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எறிந்தான். கயிறு இழுத்ததில் அம்பு வளையத்துக்கு உள்ளே, இருபதில் குத்தியது.

சென்னிமலை விரல்விட்டு எண்ணினான். "பூஜ்யத்துல இருந்து இருபது போனா?"

"கீழ போயிருச்சு," என்றான் அர்த்தனாரி.

"பஸ்ட்," என்றான் செங்கோடன். "திரும்பவும் முப்பத்திரண்டு. கிருபாகரண்ணா, நீங்க எறியுங்க."

கிருபாகரன் சிரிப்பை அடக்க முடியாமல் எறிந்தான், இருபதின் ஒல்லி வளையத்தில் விழுந்து நாற்பதும் தீர்ந்தது. ஜோசப் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நம் ஆட்கள் மூவரும் வைக்கோல்போரைச் சுற்றுகிற அதே ஒழுங்கோடு கிரைண்டரைத் தூக்கி, எதிரணி வேனில் தாங்களே ஏற்றிக் கயிறும் கட்டிக் கொடுத்தார்கள்.

"என்னாச்சுங்?" என்றாள் பூவாத்தா.

"செயிச்சுட்டோம் புள்ள. அப்புறம் ரொம்பக் கஷ்டப்பட்டுத் தோத்தோம்."

மறுநாள் செங்கோடன் ஆட்டுக்கல்லுக்கு முன் உட்கார்ந்தான். மாமனார் தட்டோடு காத்திருந்தார். உள்ளபடியே மாவு வெண்ணெயாக வந்தது, பூவாத்தாவே எட்டிப் பார்த்து "பரவால்லியே" என்றாள். மாவை வழிக்கிற நேரம், ஒரு கை மாவு கல்லின் விளிம்பைத் தாண்டிக் கீழே போய்த் தரையில் வழிந்தது.

செங்கோடன் குழவியை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டான். ஆட்டிய மாவு மொத்தத்தையும் வழித்து எருமைத் தொட்டியில் ஊற்றினான். டிரம்மைத் திறந்து புது அரிசி அளந்தான்.

"மாப்ள, இட்லி?" என்றார் மாமனார், தட்டைப் பிடித்தபடி.

"பஸ்ட் ஆயிருச்சுங் மாமா. பழைய கணக்குக்குத் திரும்பியாச்சு. அரிசி ஊறட்டும்."