மண் கரைத்த தண்ணீர்

மடத்துக்குள் நுழைந்த வேகத்திலேயே தெரிந்தது, சங்கரநயினாருக்கு வயிறு பற்றி எரிகிறது என்று. ஐம்பத்தேழு வயது. ஒன்பது வருஷமாகத் தியானம் பழகுகிறவர். பழகியதெல்லாம் அன்று காலை காற்றில் போயிருந்தது.

"அம்மா, நீங்க இப்பவே எங்க வீட்டுக்கு வரணும்" என்றார்.

பர்வதம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நயினாரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

"அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான். பன்னெண்டு நாளாச்சு. ஆஸ்பத்திரியில கையை விரிச்சிட்டாங்க. கண்ணு தெறக்கல, மூச்சு மட்டும் ஓடுது. ஊர்ல என்ன பேசுதாங்க தெரியுமா? எங்கப்பாவுக்கு எது மேலயோ ஆசை நிக்குதாம். அதான் உயிரு பிரியலையாம்!"

அந்த ஊர் வழக்கம் அது. வயசாளி யாராவது நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தால், மண்ணாசை என்று வாசல் மண்ணைக் கரைத்து வாயில் ஒரு சொட்டு விடுவார்கள். அதற்கும் போகவில்லையா, பொன்னாசை. மோதிரத்தை உரசி அந்தத் தண்ணீர். பிறகு பலகாரங்கள். சாகிற மனுஷனைத் திருடனைப் போலச் சோதனை போடுகிற வழக்கம் என்று நயினாருக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"எங்கத்தைதான் முன்னால நின்னு செய்தா. தடுத்தாலும் கேக்க மாட்டேங்கா. எங்கப்பா ரைஸ்மில்லுல நாப்பது வருஷம் உமித்தூசியில நின்னவரும்மா. நாலு பிள்ளைய ஆளாக்குனார், ரெண்டு தங்கச்சிய கரையேத்துனார். தனக்குன்னு ஒரு துரும்பு கேட்டதில்ல. அவருக்குப் போயி ஆசைப்பட்டம் கட்டுதாங்க. பற்றே இல்லாத மனுஷன் உயிரு ஏம்மா இப்படிக் கெடந்து இழுக்கணும்?"

அம்மா கீரையை ஒதுக்கி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு செருப்பைப் போட்டார்.

வீட்டுக் கூடத்துக் கட்டிலில் பேச்சிமுத்து கிடந்தார். எண்பத்து நாலு வயது. பக்கத்தில் ஒரு பித்தளைத் தம்ளரோடு அவருடைய தங்கை உலகம்மாள் குனிந்திருந்தாள்.

"அண்ணே, மண்ணும் இல்ல, பொன்னும் இல்ல. பெறவு என்னதான் வேணும்? ஒரு சாடை காட்டுண்ணே."

"அத்தே!" நயினார் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. "எங்கப்பாவ என்ன பேராசைக்காரன்னு நெனச்சியா?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் மருமவனே ஒண்ணொண்ணா ஊத்துதேன்?" என்றாள் உலகம்மாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நயினார் குருவிடம் திரும்பினார். "ஊரே வாசல்ல நிக்கி. இவரு ஆசை இல்லாத மனுஷன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா வாயை மூடுவாங்க."

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

"எல்லாம் பிடிக்கும்."

"எல்லாம்னா?"

"எது வெச்சாலும் சாப்பிடுவார். சட்டியில மிஞ்சுனது போதும்பார்." நயினார் பெருமையாகவே சொன்னார்.

"எங்கயாவது போகணும்னு சொன்னதுண்டா?"

"அவரா? நாங்க கேட்டா கூட்டிட்டுப் போவார். சாரல் சமயத்துல வருஷம் தவறாம குத்தாலம் போவோம்."

"அருவியில குளிக்கப் பிடிக்குமோ?"

"நாங்க எல்லாரும் குளிப்போம். அவரு..."

நயினார் நிறுத்தினார். அருவிக்கு எதிரே, ஈரம் தெறிக்காத இடமாகப் பார்த்து, எல்லோருடைய துணிமணிக்கும் காவலாக அப்பா உட்கார்ந்திருப்பார். மடியில் மனைவியின் கைப்பை இருக்கும். அவர் தலை நனைந்து பார்த்த நினைவு ஒன்றுகூட வரவில்லை.

"அவரு துணி பாத்துக்குவார்" என்றார்.

அம்மா உலகம்மாள் பக்கம் திரும்பினார்.

"அடுத்து என்ன கரைக்கப் போறீங்க ஆச்சி?"

"கருப்பட்டி. சின்ன வயசுல பானையில கைய விட்டு எடுத்து எனக்குப் பாதி தருவான் தாயி. எங்கம்மா அடிச்சா அவன்தான் வாங்குவான். கல்யாணத்துக்குப் பொறவு அவன் வாயில போட்டு நான் பாக்கல."

"கொண்டாங்க."

"அம்மா, நீங்களுமா?" என்றார் நயினார்.

நாடி ஜோசியம், எந்திரத் தகடு என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுகிற அம்மா, கருப்பட்டித் தண்ணீரில் பஞ்சை நனைத்து, பேச்சிமுத்துவின் உதட்டில் மெல்ல ஒற்றினார். உதடு அசைந்தது என்றாள் உலகம்மாள். இல்லவே இல்லை என்றார் நயினார். பிற்பகல் மூன்று மணிக்கு, தங்கை கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, பேச்சிமுத்து போய்ச் சேர்ந்தார்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கொட்டுக்காரர்கள் வந்து சேர்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. "கருப்பட்டிக்குத்தான் உசிர வெச்சிருந்திருக்கார் மனுஷன்." சுடுகாட்டில்கூட ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்தார். நயினார் அவர் சட்டையைப் பிடிக்கப் போய், நாலு பேர் விலக்கிவிட வேண்டியதாயிற்று.

சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாற்றிய மறுநாள் மடத்துக்கு வந்தார். மொட்டைத்தலை, சிவந்த கண். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உங்களால வந்தது. ஊரே கேலி பேசுது. ஒரு வார்த்தைதான் கேட்டேன், அத நீங்க சொல்லல. அத்தையோட சேந்துக்கிட்டு நீங்களும் ஊத்துனீங்க. அந்தக் கெழவிய இனிமே வீட்டு வாசல் மிதிக்கக் கூடாதுன்னு சொல்லப் போறேன்."

"சொல்லுங்க" என்றார் அம்மா. "அந்த வீட்டுல அவருக்கு என்ன வேணும்னு யோசிச்ச ஒரே ஆளு அவங்கதான். அவங்களையும் வெளிய அனுப்பிருங்க."

நயினாருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"கேவலம் ஒரு துண்டு கருப்பட்டி. அதுக்கா எங்கப்பா பன்னெண்டு நாள் உயிரப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தார்?"

"கருப்பட்டிக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"எண்பத்து நாலு வருஷத்துல, உனக்கு என்ன வேணும்னு உங்க வீட்டுல இப்பத்தான அவரக் கேட்டாங்க? இன்னும் ரெண்டு தடவை கேக்கட்டும்னு இருந்திருப்பார்."