கடைசி பெஞ்சுக்குப் பின்னால்

"இன்னும் என்ன குறை, உமையாள்? சொல்லிடு. தாங்கிக்கிறேன்."

பேசும்போதே ஜெசிந்தாவின் குரல் பாதியில் உடைந்து வெறும் காற்றாகப் போனது. ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த உமையாள் கட்டுரைத் தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். அடுக்கியதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

திருச்சியில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அறை அது. கீழே மிஷின் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிரும்.

அங்கிருந்துதான் 'சரடு' வந்துகொண்டிருந்தது. ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிற நிரல் எழுதும் முறைக்கென்றே தமிழில் ஒரு சின்ன இதழ். எழுதுகிறவர்களுக்கும் சம்பளம் கிடையாது, நடத்துகிறவளுக்கும் கிடையாது. உமையாள் பகலில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதுவாள். மிச்சமிருக்கும் தெம்பில் இதழைப் பார்ப்பாள்.

சமீப காலமாக மிச்சம் அதிகம் இருப்பதில்லை.

ஜெசிந்தா அவளுக்குக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். இந்த அறையில் மட்டும் முறை மாறியிருந்தது. இங்கே உமையாள் திருத்துவாள், அவர் காத்திருப்பார்.

சரடுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டுரையானாலும் அச்சுக்குப் போகும் முன், அந்த விஷயமே தெரியாத ஒருவர் அதைப் படிக்க வேண்டும். எழுதியவர் பக்கத்தில் உட்காரலாம். வாயைத் திறக்கக் கூடாது.

ஜெசிந்தா ஒவ்வொரு முறையும் திறந்தார்.

"இப்ப படிச்சிட்டுப் போனாரே உன் வீட்டுக்காரர், அவருக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுது."

"'அட, இவ்வளவுதானா'ன்னு கேட்டாரே!"

"கேட்டார்."

"போன தடவை உன் அண்ணிக்கும் புரிஞ்சுது."

"யாருக்குத்தான் புரியலை மேடம்? நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களே."

"இருந்தா என்ன?"

"புத்தகம் நூத்துக்கணக்கான வீட்டுக்குப் போகுது. நீங்களும் கூடவே போவீங்களா?"

கீழே மிஷின் நின்றது. அறை திடீரென்று அமைதியானது.

"தெரியாத ஆளா தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன். நீங்க அஞ்சு நிமிஷத்துல அவங்களுக்குத் தெரிய வச்சு அனுப்பிடறீங்க. எனக்குப் பழக்கமானவங்கள்ல ரிகர்ஷன் தெரியாத ஆளே தீர்ந்து போச்சு மேடம். இனிமே பக்கத்து ஊர்லதான் பிடிக்கணும்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமானது.

உமையாள் எழுந்து ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"ஆப்பரேஷன் என்னிக்கு?"

"வர்ற வியாழன்."

குரல்நாணில் முடிச்சு. வருடக்கணக்காக, மைக் இல்லாத வகுப்பில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே பேசிய பேச்சின் சம்பளம். ஆப்பரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. அதற்கப்புறம் வகுப்பு எடுக்கலாமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மார்க் போடச் சொல்லி வந்து நின்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு ஜெசிந்தாவும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

மற்ற பாடங்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. யாராவது நடத்துவார்கள். இந்த ஒரு வகுப்பை மட்டும் எங்காவது பத்திரமாக வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றிருந்தது.

தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களை முன்னால் அனுப்பும் வழக்கத்தை வைத்து அவர் நடத்திய வகுப்பு அது. முதல் பெஞ்சிடம் தாள்களைக் கேட்பார். முதல் பெஞ்சு பின்னால் திரும்பி இரண்டாம் பெஞ்சைக் கேட்கும். அது தனக்குப் பின்னால் கேட்கும். கேள்வி பின்னே போய்க்கொண்டே இருக்கும். பிறகு தாள்கள் முன்னே வரும். எல்லோருக்கும் ஒரே வேலை. பின்னால் கேள், வந்ததோடு உன்னுடையதைச் சேர், முன்னால் கொடு.

நிரலில் ஒரு வேலையைச் செய்யும் துண்டான ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது என்றால் இதுதான் என்பார். ரிகர்ஷன் என்ற பெயரைக் கடைசியில்தான் சொல்வார்.

அந்த ஒரு மணி நேரத்துக்காக மற்ற துறைப் பிள்ளைகள்கூட வந்து வாசலில் நின்றதுண்டு.

காகிதத்தில் மட்டும் அது நிற்க மாட்டேன் என்கிறது.

"விட்டுடலாம் உமையாள். அந்தப் பக்கத்துக்கு வேற ஏதாவது போட்டுக்கோ. எனக்கு முடியலை."

"போடறதுக்கு வேற எதுவும் இல்லை மேடம்."

"அப்போ காலியா விடு."

"விடலாம்." உமையாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். "எனக்கும் முடியலைதான்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பிறகு உமையாள் சொன்னாள், "மேடம், கையைக் கட்டுங்க."

"என்ன?"

"கையைக் கட்டிக்கிட்டு எனக்கு நடத்துங்க. ஒரே ஒரு தடவை."

ஜெசிந்தா அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு, சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி, இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டார்.

"முதல் பெஞ்சுகிட்ட தாளைக் கேட்கறேன். அது பின்னாடி கேட்குது."

"சரி."

"அது அதுக்குப் பின்னாடி. அது இன்னும் பின்னாடி."

"சரி."

"இப்படியே போய்... கடைசி பெஞ்சு..."

அவர் தோள் ஒரு முறை அசைந்தது.

"கடைசி பெஞ்சு?"

"கடைசி பெஞ்சு வந்ததும்..."

தோள் மறுபடி அசைந்தது. கட்டிய கை ஒன்று அவிழப் பார்த்தது. உமையாள் மேசைமேல் விரலால் ஒரு தட்டு தட்டினாள். கை மீண்டும் உள்ளே போனது.

"கை வேணும், உமையாள்."

"எதுக்கு?"

எதற்கு?

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டார். அந்த வகுப்பு, அந்த இடம். பிள்ளைகள் எல்லோரும் அவரைப் பார்த்தபடி இருக்கிறார்கள். கடைசி பெஞ்சு யாரைக் கேட்கும் என்று ஒருவன் எழுந்து கேட்கிறான். அப்போது தன் கை என்ன செய்யும்? எழும். சாக்பீஸோடு எழுந்து, எல்லாத் தலைகளுக்கும் மேலே நீளும். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஓ என்று ஒரு சத்தம் வரும்.

"சுவர்," என்றார்.

ஜெசிந்தா கண்ணைத் திறந்தார்.

"நான் அதை வாயால சொன்னதே இல்லையா?"

"ஒரு தடவைகூட இல்லை மேடம். அந்தச் சுவர்ல சாஞ்சுதான் படிப்பு முடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நீங்க கையை நீட்டுவீங்க. மொத்த கிளாஸும் திரும்பி என் மூஞ்சியைப் பார்க்கும்."

"கட்டுரையில?"

"முதல் பெஞ்சு இருக்கு. நடு பெஞ்சு இருக்கு. சுவர் இல்லை. கேள்வி போய்க்கிட்டே இருக்கு."

ஜெசிந்தா தாள்களைப் புரட்டினார். ஆமாம். எங்கேயும் இல்லை. 'பிறகு தாள்கள் திரும்பி வரத் தொடங்கும்' என்று அழகாக எழுதியிருந்தார். ஏன் திரும்பி வரும் என்று எழுதவில்லை. அண்ணியிடமும் வீட்டுக்காரரிடமும் சரியாக அந்த வரியில்தான் அவர் வாய் திறந்து, கை நீட்டியிருந்தார்.

"நிறுத்தற இடம் இல்லாத ஃபங்ஷன் எழுதினா பூஜ்யம் போடுவீங்க," என்றாள் உமையாள்.

"போட்டிருக்கேன். உனக்கே போட்டிருக்கேன்."

"ஞாபகம் இருக்கு."

"இதை நீ முதல் தடவையே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, நீங்க அவங்க பக்கத்துல உட்கார்ந்த மாதிரி நானும் உங்க பக்கத்துல உட்கார்ந்ததா ஆயிருக்கும்."

ஜெசிந்தா பேனாவைத் திறந்தார்.

அதிகம் எழுதவில்லை. எழுதியதை அடித்தார், மறுபடி எழுதினார். உமையாள் அதற்குள் அண்ணியிடம் நம்பர் வாங்கி, பழக்கமில்லாத யாருக்கோ போன் செய்து, அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். இதழ் அன்று இரவுக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

வந்தவள் பெயர் பர்வீன். ஸ்கேன் சென்டரில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், போனில் வீடியோ பார்த்துத் தானாக நிரல் எழுதப் பழகுகிறாளாம். இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறாள்.

"ரொம்ப கஷ்டமா இருந்தா பாதியிலயே வச்சிடுவேன்கா," என்றாள் உட்காரும்போதே. "காலையில இருந்து நின்னுக்கிட்டே இருந்தேன். காலு போச்சு."

"வச்சிடு," என்றாள் உமையாள்.

பர்வீன் ஜெசிந்தாவைப் பார்த்துப் புன்னகைத்தாள். "இவங்க?"

"உட்கார்ந்திருக்காங்க."

அதற்கு மேல் உமையாள் அறிமுகம் செய்யவில்லை. தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பர்வீன் படிக்க ஆரம்பித்தாள். படிக்கும்போது அவள் உதடு அசைந்தது. ஜெசிந்தா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இது முதல் பெஞ்சு. இது இரண்டாவது. இப்போது பக்கம் திருப்புகிறாள்.

உதடு நின்றது.

"இப்படியே கேட்டுக்கிட்டே போனா, கடைசி ஆளு யாரைத்தான் கேட்பான்?"

அவள் அதை யாரிடமும் கேட்கவில்லை. தாளிடம்தான் கேட்டாள்.

ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டார்.

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. அதற்கு மட்டும் தொண்டையில் இன்னும் குரல் இருந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு அதுவும் இருக்கப் போவதில்லை. எத்தனை வகுப்புகள், எத்தனை முகங்கள், இந்த ஒரு கணத்துக்காகத்தானே நின்றுகொண்டே பேசியது.

பர்வீன் நெற்றியைச் சுருக்கினாள். விட்டுவிடப் போகிறாள் என்று தோன்றியது. தாளைக் கீழேயும் வைத்துவிட்டாள்.

உமையாள் திரும்பவில்லை.

கீழே மிஷின் ஓடத் தொடங்கியது. மேசையில் ஃபிளாஸ்க் மூடி நடுங்கியது.

பர்வீன் தாளை மறுபடி எடுத்தாள். இரண்டு வரி மேலே போய், விரல் வைத்து, மெதுவாக இறங்கினாள். புதிதாக எழுதியிருந்த இடத்துக்கு விரல் வந்தது.

'நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். சுவர்தான் இருக்கும். சுவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். உங்கள் தாளை மட்டும் முன்னால் கொடுங்கள்.'

பர்வீன் நாற்காலியில் அப்படியே திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் இருந்தது. பழைய காலண்டர் ஒன்று தொங்கியது.

திரும்பினாள். விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். பென்சிலை எடுத்து, கட்டுரையின் கடைசியில் கொடுத்திருந்த பயிற்சியை ஓரத்திலேயே எழுதிப் பார்த்தாள். ஒரு முறை அழித்தாள். மறுபடி எழுதியதை அழிக்கவில்லை.

அவள் உதடு அசைவது எப்போதோ நின்றிருந்தது. ஜெசிந்தாவுக்கு ஃபிளாஸ்கை எட்டி எடுக்க வேண்டும் போலிருந்தது. கையை அவிழ்க்கப் பயமாக இருந்தது.

"அக்கா," என்றாள் பர்வீன்.

உமையாள் திரும்பினாள்.

"இதை எழுதினவங்க யாரு? பேச முடியுமா? ஒரே ஒரு சந்தேகம் கேட்கணும்."

உமையாள் ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

ஜெசிந்தாவின் உதடு பிரிந்தது.

பர்வீன் அதற்குள் குனிந்து, ஒரு பக்கத்தைப் பின்னால் புரட்டியிருந்தாள்.

"இல்ல, விடுங்கக்கா," என்றாள் நிமிராமலேயே. "இங்கயே இருக்கு."