தேவாங்கு பெயரில் ஒரு தேன் கடை

ஈச்சங்காட்டு ஓடைக்கரையில் மலையப்பன் என்ற கரடி தேன் கடை வைத்திருந்தது. மலைத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் என்று வகைவகையாய்ப் பானைகள் நிறைந்திருக்கும். மான்கள் நெல்லிக்காயும் குரங்குகள் கிழங்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தேன் வாங்கிப் போகும்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. பெரிய மிருகம் கடை நடத்தினால், பத்துப் பானைக்கு ஒரு பானையைக் காட்டுக்கு வரியாகக் கொடுக்க வேண்டும். பாதையைச் சீராக்கி, கோடையில் ஊற்றுத் தோண்டும் யானைகளுக்கு அந்த வரி போய்ச் சேரும். சின்னப் பிராணிகளின் கடைக்கு வரி கிடையாது.

பத்தாவது பானையைத் தூக்கிக் கொடுக்கும்போதெல்லாம் மலையப்பனுக்கு வயிறு எரியும்.

"தேனீயிடம் கொட்டு வாங்குவது நான்! தேன் யானைக்கா?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓணான் மரத்திலிருந்து இறங்கி வந்தது.

"அண்ணே, கடையை ஒரு சின்னப் பிராணியின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பெயர் அதனுடையது, தேன் உங்களுடையது. வரியே கிடையாது!"

"அது கடையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டால்?"

"சுருட்டத் தெரியாத பிராணியாகப் பாருங்கள்!"

மலையப்பன் காடெல்லாம் தேடியது. அணில் ரொம்பத் துறுதுறுப்பு. முயல் ஏகப்பட்ட கேள்வி கேட்டது. கடைசியில் பொட்டு என்ற தேவாங்கு கண்ணில் பட்டது. கிளையைக் கட்டிக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிற பிராணி!

"தம்பி பொட்டு! உன் பெயரைக் கொஞ்சம் கொடு. தினமும் ஒரு கிண்ணம் தேன் தருகிறேன்."

"எடுத்துக்கோங்க அண்ணே. நான் தூங்கும்போது அது சும்மாதானே கிடக்கிறது!" என்று கொட்டாவி விட்டது பொட்டு.

எந்தக் கடை யாருடையது என்று காட்டுக்கு அறிவிப்பது கிளியின் வேலை. அது மூன்று முறை கூவிவிட்டால் அதுதான் சட்டம். "தேன் கடை முதலாளி, தேவாங்கு பொட்டு!" என்று கிளி கூவியபோது மலையப்பன் புதருக்குப் பின்னால் நின்று குதித்துக் குதித்து ஆடியது.

வரி நின்றது. பானைகள் பெருகின. ஆனால் வாடிக்கையாளர்களும் கிளி கூவியதை அப்படியே நம்பி வந்தார்களே!

"முதலாளி, கும்பிடுறேனுங்க!" என்றது மான், கடைக்கு மேலே கிளையில் தூங்கிய பொட்டுவைப் பார்த்து.

பொட்டு ஒரு கண்ணைத் திறந்தது. "யாரு, நானா?" அந்த வார்த்தை அதற்குத் தேனைவிட இனித்தது. மறுநாள் இரண்டு கண்ணையும் திறந்தது. அடுத்த வாரம் இருப்பதிலேயே பெரிய பானையின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது.

"மலையப்பா! ஈயை விரட்டு!"

"மலையப்பாவா? அண்ணே என்று கூப்பிட்ட வாயா இது?"

"வேலைக்காரனை வேறெப்படிக் கூப்பிடுவது? என் சித்தப்பா மக்கள் வந்திருக்கிறார்கள், ஊற்று!"

சித்தப்பா மக்கள், பெரியப்பா மக்கள், அவர்களின் சம்பந்திகள் என்று தேவாங்குகள் கிளைகிளையாய் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் தாடையிலும் தேன் சொட்டியது.

"அடேய், இது என் கடைடா!" என்று மலையப்பன் காதோரம் முணுமுணுத்தது.

"அப்படியா? யானைக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லுங்களேன்!"

மலையப்பன் அவசரமாகப் பானையைச் சாய்த்துத் தேனை ஊற்றியது.

அன்று மாலையே பொட்டு எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தது. "எனக்குக் கல்யாணம்! நாளைக் காலையில் இந்தக் கடையை மாமனாருக்குப் பரிசமாகக் கொடுக்கப் போகிறேன்!"

மலையப்பனுக்குத் தலை சுற்றியது. யோசனை சொன்ன ஓணானைத் தேடினால் ஆளையே காணவில்லை. வேறு வழியின்றி, வரி வாங்கும் அங்கம்மாள் யானையிடம் மூச்சிரைக்க ஓடியது. பொட்டுவும் பின்னாலேயே ஒரு மான் முதுகில் ஏறி வந்துவிட்டது.

"என்ன வழக்கு? கடை உன்னுடையதா?" என்று கேட்டது அங்கம்மாள்.

ஆமாம் என்றால் இத்தனை நாள் ஏய்த்த வரி! கரடியின் நாக்கு புரண்டது. "இல்லை... அது பொட்டுவுடையது... ஆனால் கொடுக்கக் கூடாது..."

பொட்டு துள்ளி எழுந்தது. "கேட்டீர்களா அம்மா! கடை என்னுடையதாம்! அப்படியானால் தினமும் என் பானைகளை நக்குகிற இந்தக் கரடி யார்? திருடன்! பிடியுங்கள்!"

அங்கம்மாளின் தும்பிக்கை கரடியின் இடுப்பைச் சுற்றி வளைத்தது. "திருடனைக் காட்டை விட்டே துரத்துவது வழக்கம், தெரியுமல்லவா?"

"ஐயோ! என்னுடையது! எல்லாமே என்னுடையது! கொட்டு வாங்கிச் சேர்த்த ஒவ்வொரு சொட்டும் என்னுடையது!" என்று அந்தரத்தில் கால்களை உதறிக்கொண்டு அலறியது மலையப்பன். ஓணான் சொன்ன யோசனை, கிளி கூவியது, வரி ஏய்த்தது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தது.

அங்கம்மாள் அதை மெல்ல இறக்கிவிட்டது. "கடை உன் பெயருக்கே திரும்பட்டும். ஏய்த்த பானைகளைக் கொடு. தண்டமாக இன்னும் அத்தனை கொடு. பொட்டு, நீ பெயரை விற்றுத் தின்றவன். காலிப் பானைகளையெல்லாம் நீதான் கழுவ வேண்டும். உன் சம்பந்திகளையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்!"

பானைகள் எல்லாம் போயின. சுவரில் வழிந்திருந்த தேனைக்கூடத் தேவாங்குகள் முன்பே நக்கிவிட்டிருந்தன. மறுநாள் மலையப்பன் மறுபடியும் பாறையேறித் தேன்கூட்டில் கை வைத்தது.

கீழே போன கீரி, "யாருடைய தேன் அது?" என்று கேட்டது.

"என்னுடையது!" என்று மலையப்பன் மலையே அதிரக் கத்தியது. அந்தச் சத்தத்தில் மிரண்ட தேனீக்கள் அதன் மூக்கைக் கொட்டி வீங்க வைத்தன. அப்போதும் அது சிரித்துக்கொண்டேதான் இருந்தது.

வரிக்குப் பயந்து தன் உடைமையைப் பிறர் பெயரில் ஒளித்து வைப்பவன், அதைத் தன்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லும் உரிமையையும் இழந்து நிற்பான்.