அரசர் முகம் எந்தக் கூடையில்?

முன்னொரு காலத்தில், பிளாஸ்டிக் பைகள் காற்றில் பறந்துகொண்டிருந்த ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார். அரசர் காலத்தில் பிளாஸ்டிக் ஏது என்று கேட்காதீர்கள். அது அழியவே அழியாது என்கிறார்கள். அப்படியானால் அப்போதும் எங்காவது இருந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த அரசவையில் தாண்டவன் என்றொரு விகடகவி இருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். பேச்சில் மட்டும்தான். அரசருக்குப் பக்கத்தில், அவர் வாய்விட்டுச் சிரித்தால் எச்சில் தெறிக்கும் தூரத்தில் அவனுக்கு ஆசனம் போட்டிருந்தார்கள். அந்த ஆசனத்தின் மேல் நகரபாலர் கோதண்டராயருக்கு ஒரு கண். ஊரின் தெருக்களையும் சாக்கடைகளையும் கவனிக்கும் அதிகாரி அவர். அவருடைய ஆசனம் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. அரசர் சிரிக்கிறார் என்பதே அவருக்கு மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் தெரியவரும்.

ஒருநாள் அரசர் தேரில் ஊர்வலம் போனார். சுழற்காற்று அடித்தது. கருவாட்டுக் கடை வாசலில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பை எழும்பிப் பறந்து வந்து, நேராக அரசரின் கிரீடத்தில் மாட்டிக்கொண்டது. வாடை தேரைச் சூழ்ந்தது. சனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். தாண்டவனுக்குத்தான் அடக்க முடியவில்லை.

"அரசே, மழை வரும் முன்பே கிரீடத்துக்கு உறை போட்ட முதல் மன்னர் தாங்கள்தான்!"

அரசர் சிரிக்கவில்லை. தாண்டவன் பிழைப்பில் அப்படி நடந்ததே இல்லை.

மறுநாள் சபையில் புதுச்சட்டம் வாசிக்கப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் எதுவும் இனி நாட்டில் இருக்கக்கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு கூடைகள் வேண்டும். மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காத குப்பைக்கு நீலம். மீறியவர் தம் குப்பையைத் தாமே தலையில் சுமந்து நான்கு ரதவீதிகளையும் சுற்றிவர வேண்டும்.

"இப்போதே இப்படி வாழ்கிறவர் யாராவது இந்தச் சபையில் உண்டா?" என்று அரசர் கேட்டார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முந்தைய நாள் விழுந்த பெயரைத் தூக்கி நிறுத்த இதுதான் சமயம் என்று தாண்டவனுக்குத் தோன்றியது.

"அரசே, என் வீட்டில் குப்பையே கிடையாது."

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். சாப்பிடுவான், எழுந்து கை கழுவுவான், திரும்பி வந்தால் இலை இருக்காது. இலைகள் தாமாகவே எங்கோ போய்விடும் என்பதுதான் அவன் அறிந்த உலகம்.

தூணுக்குப் பின்னாலிருந்து கோதண்டராயரின் தலை எட்டிப் பார்த்தது.

"அற்புதம் அரசே! வரும் பௌர்ணமியன்று தாங்களே எழுந்தருளி விகடகவியின் இல்லத்தைப் பார்வையிட வேண்டும். ஊருக்கே அது முன்மாதிரியாக இருக்கட்டும். ஒருவேளை ஏதேனும் அகப்பட்டால்..."

"அகப்பட்டால் அவன் ரதவீதி சுற்றுவான். அவன் ஆசனம் உமக்கு" என்றார் அரசர்.

தாண்டவன் வீட்டுக்கு ஓடினான். அவன் மனைவி வடிவு முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வடிவு, நம்ம வீட்டுல குப்பை ஏதாச்சும் இருக்கா?"

அவள் தலை நிமிரவில்லை. "இப்பத்தான் உள்ள வந்துச்சு."

"விளையாடாத! பௌர்ணமிக்கு ராஜா வர்றாரு. நம்ம வீட்டுல குப்பையே கிடையாதுன்னு சபையில சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"யாரையும் கேக்கல. ஒரு வேகத்துல வாயில வந்துருச்சு."

"இனிமே குப்பையைப் பிரிச்சு வைக்கணுமாமே. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பிரிப்பு, சோத்துலேர்ந்து கறிவேப்பிலையைப் பிரிச்சு இலை ஓரத்துல வைக்கிறது."

அவள் அவனை அடுக்களைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் இன்னும் பல. நிறைமாத வயிறு போல உப்பியிருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இங்கதான் தொங்குது. நீங்கதான் இந்தக் கதவைச் சாத்திப் பாத்ததே இல்ல."

தாண்டவன் அதை எப்படியாவது வெளியேற்ற முயன்றான். பைகளை எடுத்துப்போக ஒரு பை தேவைப்பட்டது. அதுதான் இருக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறதே. மூட்டையை மேலாடைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை போனான். அங்கே கோதண்டராயரின் காவலன் நின்றிருந்தான்.

"என்ன கவிராயரே, ஒரே நாள்ல இப்படித் தொந்தி போட்டுட்டீங்க?"

"வீட்டுச் சாப்பாடு, தம்பி."

தொந்தி சரசரவென்று சத்தம் போட்டது. மூட்டையில் எப்போதோ மீன் வாங்கிய பை ஒன்று இருந்திருக்க வேண்டும். தெருநாய்கள் பின்னாலேயே வந்தன. அவற்றோடு ஒரு சின்ன ஊர்வலமாக வீடு திரும்பினான்.

திரும்பும் வழியில் ரதவீதி முழுக்கப் புதிதாகப் பதாகைகள் கட்டியிருந்தார்கள். பளபளவென்று மின்னின. காற்றில் அவையும் சரசரத்தன. 'பிளாஸ்டிக்கை ஒழித்த பேரரசே, வாழ்க!' என்று எழுதி, நடுவில் வண்டிச் சக்கரம் அளவுக்கு அரசர் முகம். பக்கத்தில் கும்பிட்டபடி கோதண்டராயர். கீழே சபையோர் அனைவரும் வரிசையாக, சிறிது சிறிதாக. கடைசியில் ஓரத்தில் ஒரு தோசைக்கல் அளவுக்குத் தாண்டவன். எல்லா ஆபத்தையும் மறந்து அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மீசை கோணலாக இருந்தது. பதாகை கட்டிக்கொண்டிருந்த ஓவியரிடம், அடுத்தமுறை முகத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையைப் புதைத்துவிடலாம் என்று கொல்லையில் குழி தோண்டினான். மண்வெட்டி எதிலோ சிக்கியது. இழுத்தான். இளஞ்சிவப்புப் பை ஒன்று வந்தது. பட்டுப்புடவைக் கடையின் பெயர் நேற்று அச்சடித்தது போல இருந்தது.

"அடடே!" என்று வடிவு ஓடிவந்தாள். "நம்ம கல்யாணப் புடவை வந்த பை! இத்தனை வருஷமா இதைத்தான் தேடிட்டிருந்தேன்."

அதைக் கழுவிக் கொடியில் காயப்போட்டாள். காய்ந்ததும் மற்றவற்றோடு கதவுக்குப் பின்னால் மாட்டினாள். தாண்டவன் பாடுபட்டதில் ஒரு பை கூடியதுதான் மிச்சம்.

பௌர்ணமியன்று அரசர் வந்தார். கோதண்டராயர் வேறெங்கும் பார்க்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அவர் வீட்டிலும் அது அங்கேதான் தொங்குகிறதா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. மூட்டையைக் கொண்டுவந்து அரசர் முன்னால் கவிழ்த்தார். பைகள் முற்றமெங்கும் மிதந்து இறங்கின. ஒன்று அரசரின் பாதத்தில் உட்கார்ந்தது.

"குப்பையே கிடையாது என்றாயே, தாண்டவா" என்றார் அரசர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, வருத்தமாகச் சொன்னார்.

தாண்டவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. கையில் கிடைத்த சொல்லைப் பற்றிக்கொண்டான்.

"அரசே, ஒருமுறை பயன்படுத்தி எறிவதைத்தானே தாங்கள் தடுத்தீர்கள்? இவற்றில் அப்படிப்பட்டது எது என்று நகரபாலர் காட்டட்டும்."

கோதண்டராயர் ஒரு பையைத் தூக்கிக் காட்டினார்.

"அதுல மொதல்ல வெல்லம் வந்துச்சு, மகாராஜா" என்றாள் வடிவு. "அப்புறம் அவரை விதை போட்டு வெச்சேன். மழைன்னா தலையில மாட்டிக்குவேன். இவரு ஊருக்குப் போனா செருப்பு சுத்திக் குடுப்பேன்."

அவர் இன்னொன்றைத் தூக்கினார். இளஞ்சிவப்பு.

"அது எங்க கல்யாணத்துப் பை. இவரு ஒருதடவை தூக்கி எறிஞ்சாரு. அதுவும் திரும்பி வந்துருச்சு."

அரசரின் மீசை லேசாக அசைந்தது. கோதண்டராயர் பதறினார்.

"அரசே, இப்படிப் பார்த்தால் இந்நகரில் ஒருமுறை பயன்படுத்திய பிளாஸ்டிக்கே இல்லை என்று ஆகிவிடும். தங்கள் சட்டமே வீண் என்று ஆகிவிடும்! அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று விகடகவி இப்போதே காட்டட்டும். காட்டாவிட்டால் இந்த மூட்டையைத் தலையில் ஏற்றட்டும்."

"நியாயம்தான். காட்டு" என்றார் அரசர்.

எங்கே இருக்கிறது என்பது தாண்டவனுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. அதைக் குப்பை என்று வாயால் சொன்னால் ஆசனம் போகாது, தலை போகும். சொல்லாவிட்டால் ஆசனம் போகும். கொஞ்சம் யோசித்து, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தான். அவன் வாழ்க்கையில் அது முதல்முறை.

இரண்டு கூடைகளையும் எடுத்துக்கொண்டு ரதவீதிக்கு நடந்தான். எல்லோரும் பின்னால் வந்தார்கள். முதல் பதாகையின் கீழே பச்சைக் கூடையை ஒருபுறமும் நீலக் கூடையை மறுபுறமும் வைத்தான். மேலே பார்த்தான். பச்சையைப் பார்த்தான். நீலத்தைப் பார்த்தான். பேசாமல் நின்றான்.

"என்னடா செய்கிறாய்?" என்றார் அரசர்.

"பிரித்துப் பார்க்கிறேன், அரசே. என் சிற்றறிவுக்கு எட்டவில்லை. சட்டத்தை நடத்துகிறவர் நகரபாலர். அவரே சொல்லட்டும். ஐயா, இது மக்குமா, மக்காதா?"

கோதண்டராயர் அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு அரசர் முகம் மட்டுமே தெரிந்தது.

"என்ன துணிச்சல்! அரசரின் திருமுகம் மக்குவதாவது? மக்காது!"

"மழையில் நனைந்தால்?"

"மக்காது!"

"மண்ணில் புதைத்தால்?"

"ஆயிரம் ஆண்டுகள் புதைத்தாலும் மக்கவே மக்காது!"

தாண்டவன் பச்சைக் கூடையை ஓசையில்லாமல் நகர்த்திவிட்டான்.

"அடுத்த விழாவுக்கும் இதையேதான் கட்டுவீர்களா, ஐயா?"

"பழையதைக் கட்டி அரசரை அவமதிப்பேனா? ஒருமுறை கட்டியதை அவிழ்த்து எறிந்துவிட்டு, ஒவ்வொரு விழாவுக்கும் புத்தம் புதிதாக..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நீலக் கூடையைப் பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

பதாகை காற்றில் படபடத்தது. அரசர் தம் முகத்தைத் தாமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதை முடிந்தது என்று தாண்டவன் நினைத்தான். தடாலென்று தரையில் விழுந்தான்.

"அரசே, இந்தக் குற்றத்தில் அடியேனுக்கும் பங்கு உண்டு. கடைசியில், ஓரத்தில், மீசை கோணலாக இருப்பது நான்தான். அடுத்தமுறை பெரிதாகப் போடச் சொல்லி ஓவியரிடம் கெஞ்சியவனும் நான்தான்."

அரசர் கண்ணைச் சுருக்கி ஓரத்தைத் தேடினார். கண்டுபிடித்தார். பதாகையிலிருந்த மீசையையும் தரையிலிருந்த மீசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கிரீடம் கழன்று கையில் வரும்வரை சிரித்தார்.

"எழுந்திரு. முகம் எவ்வளவோ அவ்வளவு குற்றம் என்றால், இங்கே பெரிய குற்றவாளி நான்தான். கோதண்டராயரே, எல்லாப் பதாகைகளையும் உமது கையாலேயே அவிழ்த்துத் தலையில் சுமந்து வாரும். உமக்குத் துணையாக நானும் நான்கு வீதிகளும் நடந்தே வருகிறேன்."

அப்படியே நடந்தது. சுற்றி முடித்ததும், ஆசனம் தாண்டவனுக்கே என்று அறிவித்து, அவனுக்குப் பொன்னாடை போர்த்த அரசர் கை நீட்டினார். சேவகன் பொன்னாடையை எடுத்தான். அது சரசரக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. எல்லோரும் உறையைப் பார்த்தார்கள். பிறகு அரசரைப் பார்த்தார்கள்.

"குடுங்க மகாராஜா" என்று வடிவு முன்னால் வந்தாள். "அப்பளம் போட்டு வைக்க ஆகும்."

அரசர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். "வேறு என்ன வேண்டும், கேளம்மா!"

"பெரிய பதாகை ஒண்ணு. மாட்டுக்கொட்டகை ஒழுகுது."

அந்த மழைக்காலம் முழுக்க அரசரின் முகம் இரண்டு பசுக்களை நனையாமல் காத்தது. பச்சைக் கூடையைக் கொல்லைக் குழியில் கொட்டுவது தாண்டவன் வேலையானது. இலைகள் எங்கே போகின்றன என்பதை அவன் அப்போதுதான் கண்டான்.

இடையில் ஒருநாள் அடுக்களைக் கூரையில் சின்ன ஓட்டை விழுந்தது. அடைக்க அளவான துண்டு தேடி வடிவு பதாகையின் ஓரத்தை வெட்டினாள். தோசைக்கல் அளவு. மிகச் சரியாகப் பொருந்தியது. தாண்டவனின் முகம் வீட்டுக்கு உபயோகமானது அன்றுதான்.