புது பெல்ட் பழகிய கதை

நண்டுமேட்டுக்காரர்கள் சொல்பேச்சு தட்டாதவர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதனாலேயே அக்கம்பக்கத்தில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்வதில்லை.

சுற்றிலும் உப்பங்கழித் தண்ணீரும் சேறுமாக இருக்கும் திட்டு அது. வெள்ளக் காலத்துக்கு உதவட்டும் என்று யாரோ புண்ணியவான்கள் அந்த ஊருக்கு ஆறு சக்கர வண்டி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். தரையில் உருளும், சேற்றில் ஏறும், தண்ணீரில் மிதக்கும். அதை ஓட்டுகிறவன் கோதண்டம். அன்றைக்கு அவனுக்கே கல்யாணம். பெண் அக்கரையில், அலையங்கரையில். உச்சிப்பொழுதுக்குள் தாலி கட்டியாக வேண்டும்.

மாப்பிள்ளை ஊர்வலமாகத் திட்டை ஒரு சுற்று சுற்றி வரும்போது வண்டிக்குள் ‘பட்’டென்று ஒரு சத்தம். பெல்ட் அறுந்துவிட்டது. நீர் வற்றிக் கிடந்ததால் படகுகளெல்லாம் சேற்றில் குந்தியிருந்தன. நடந்தே போகலாம்தான். ஆனால் பட்டு வேட்டியோடு சேற்றில் இறங்கினால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? கோதண்டம் டவுனில் இருக்கும் மெக்கானிக் தாவூது பாய்க்குப் போன் போட்டான்.

“பயப்படாதே தம்பி. பெல்ட்ட மாத்திடு, ஓடிடும்” என்றார் பாய்.

கோதண்டம் திரும்பிப் பார்த்தான். பெல்ட் கட்டியிருந்தவர்கள் இரண்டே பேர். தாய்மாமன் வைரக்கண்ணு வேட்டிமேல் அகலமான பச்சை பெல்ட், சேக்காளி பன்னீர் பேண்ட்டில் கறுப்பு பெல்ட். இருவரும் பயபக்தியோடு கழற்றி, மாற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

“மாத்தியாச்சு பாய்.”

“வண்டி ஓடுதா?”

“வண்டி அசையல. மாமா வேட்டிதான் நழுவுது.”

பாய் நிதானமாகச் சொன்னார்: “வண்டியோட பெல்ட்டு தம்பி. சீட்டுக்கு அடியில புதுசு ஒண்ணு இருக்கும். அதுக்கு முன்னாடி, சூடா இருக்கும், நல்லா ஆற விடு.”

“ஆத்துல விடணுமாம்” என்றான் கோதண்டம்.

“நம்ம ஊர்ல ஆறு ஏதுடா?” என்றார் வைரக்கண்ணு.

பன்னீர் யோசித்தான். “கழி எங்கேருந்து வருது மாமா? ஆத்துலேருந்துதானே? அப்போ அதுவும் ஆறுதான்.”

இதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஊரே கூடித் தள்ளியது. வண்டி சேற்றில் சறுக்கிக்கொண்டு இறங்கி, நடுவில் மிச்சமிருந்த தண்ணீரில் மிதந்து, காற்று அடித்த பக்கம் புறப்பட்டது.

“ஆற விட்டியா?”

“விட்டோம் பாய். அது பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு.”

எல்லோரும் குதித்தார்கள். வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு, கோதண்டமும்தான். வண்டியை இழுத்துக் கரைசேர்ப்பதற்குள் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே போகிறது. அக்கரையிலிருந்து நாயனம் கேட்கிறது. அங்கே மணப்பெண் வேம்பு மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இப்ப கவனமாக் கேளு” என்றார் பாய். “மூடியைத் திற. ரெண்டு சக்கரம் தெரியும். அதை அகட்டிப் புது பெல்ட்ட மாட்டு. தப்பித் தவறியும் எஞ்சின் ஓடும்போது உள்ள கை விட்டுடாதே.”

“கை விடக் கூடாதாம் மாமா” என்றான் கோதண்டம், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

“கால்?”

“காலைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

வைரக்கண்ணு மல்லாந்து படுத்து இரண்டு காலையும் உள்ளே விட்டார். ஆயுள் முழுக்கக் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிப் பின்னிய மனிதர். ஒரு காலால் சக்கரத்தை அகட்டி, மறு காலால் பெல்ட்டை உருட்டி மாட்டிவிட்டார். அவர் காலைச் சக்கரத்திலிருந்து விலக்கிக்கொண்டதும் சாவியைத் திருக, வண்டி உறுமியது. கோதண்டம் மாமாவின் காலில் விழுந்தான். அது இன்னும் வெளியே வரவில்லை என்பதால், முழங்காலோடு நிறுத்திக்கொண்டான்.

பாய் கடைசியாக ஒன்று சொன்னார். “புது பெல்ட் பழகணும் தம்பி. அக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் பாரம் ஏத்தாதே.”

பன்னீர் அப்போதுதான் ஏற்றிய சீர்த்தட்டுகளை இறக்கினான். பெண்கள் இறங்கினார்கள். கோதண்டம் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

“ஓட்டுறவன் பாரமில்லையா?” என்றார் வைரக்கண்ணு.

“நான் மாப்பிள்ளை, மாமா.”

“மாப்பிள்ளைன்னா எடை இல்லையாடா?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. முடுக்கும் கைப்பிடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, மாட்டை ஓட்டிக்கொண்டு போவதுபோல் வண்டியை விட்டான் கோதண்டம். காலி வண்டி சேற்றை வாரி வாரி இறைத்தபடி ஒய்யாரமாக முன்னால் போக, தொடையளவு சேற்றில் ஊரே பின்னால் போனது.

அலையங்கரையில் கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தவன்தான் மாப்பிள்ளை என்று ஊகித்து, நாலு குடம் தண்ணீரை ஊற்றி மணையில் உட்கார வைத்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. கோதண்டம் தாலி கட்டினான். வேம்பு அவன் காதிலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் புறப்பட்டார்கள். பெல்ட் பழகியிருக்கும், இனிப் பாரம் ஏற்றலாம் என்று கோதண்டம் சீராகக் கிடைத்த கட்டில், பீரோவோடு மனைவியையும் ஏறச் சொன்னான். வேம்பு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“வரும்போது கிழக்கே பாத்து வந்துச்சு. இப்ப மேற்கே போகணும். அந்தப் பக்கம் இன்னும் பழகலையே?”

“பொண்ணுன்னா இது பொண்ணு!” என்றார் வைரக்கண்ணு. கோதண்டத்துக்குப் பெருமை தாங்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேம்பு முதலில் சேற்றில் இறங்கினாள். கட்டிலைப் பன்னீரும் பீரோவை நாலு பேருமாகத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். காலி வண்டி முன்னால் போயிற்று.

பாதி வழியில் வேம்பு சொன்னாள்: “கொஞ்சம் நில்லுங்க. வண்டி களைச்சுப் போயிருக்கும். அதையும் தூக்கிக்குவோம்.”