சூடு எந்தப் பக்கம்

சூசை மாஸ்டர் தூத்துக்குடியில் ஒரு ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுப்பவர். வாயால் பாடம் நடத்தச் சொன்னால் அவருக்கே கொட்டாவி வந்துவிடும். எதைக் கேட்டாலும் வேலை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பார்.

அவரிடம் படித்த மெஹருன்னிசா இன்று ஊரிலுள்ள ஒரு பாலிடெக்னிக்கில் துறைத்தலைவி. அவள் அலையாய் அலைந்துதான் இரண்டு இடத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் போட வைத்தாள். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் அங்கே நேரே இரண்டாம் வருஷம் சேரலாம்.

ஒரு மத்தியானம் அவள் பட்டறைக்குள் வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"வாம்மா மெஹரு. டீ குடிக்கியா?"

"டீ கிடக்கட்டும் மாஸ்டர். நம்ம ஒப்பந்தம் போச்சு."

"என்ன ஆச்சு?"

"வந்ததே மூணு பேரு. ரெண்டு பேரு படிப்பை விட்டு நின்னுட்டாங்க. இன்னைக்குக் காலையில பவுன்ராஜும் டி.சி. கேட்டு வந்து நிக்கான். அவனும் போயிட்டா ஒப்பந்தத்தை ரத்து பண்ணிருவேன்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு. அப்புறம் இங்கேருந்து ஒரு பிள்ளை அங்க வர முடியாது."

"அவன் ஏன் போறானாம்?"

"முதல் வருஷக் கணக்கு அவன் படிக்கவே இல்லயே. கிளாஸ்ல என்ன நடக்குன்னே புரியலயாம்."

"நீ என்ன செஞ்சே?"

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு நான் வைக்கல மாஸ்டர். எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை. நானே எழுதிச் சேர்த்த ஷரத்து அது. சலுகையில வந்தவன்னு அவனை ஒருத்தன் பேசிறக்கூடாது பாருங்க. இதுல எங்க தப்பு?"

மாஸ்டர் இரும்புக் குவியல் பக்கம் போனார். கனத்த இரும்புப் பிளேட் ஒன்றையும் மெல்லிய தகடு ஒன்றையும் மேஜைமேல் சேர்த்து வைத்தார். கையுறையையும் முகக்கவசத்தையும் அவளிடம் நீட்டினார்.

"ஒட்டு."

"இப்பவா? வெல்டிங் ராடைத் தொட்டு எத்தனையோ வருஷமாச்சே!"

"ஒட்டும்மா."

பொறி பறந்தது. இரண்டுக்கும் நடுவே ராடை நேராக ஓட்டிக்கொண்டு போனாள். பாதி தூரம்கூடப் போகவில்லை. முகக்கவசத்தைத் தூக்கிப் பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, தகட்டுல ஓட்டை விழுந்துட்டு."

"தகடு மட்டமோ?"

"நல்ல தகடுதான். நான்தான் ரெண்டுக்கும் சமமாச் சூடு காட்டிட்டேன்."

"நீ ஓரவஞ்சனை பண்ணலயே."

அவள் சிரிக்கவில்லை. வேறொரு தகட்டைத் தானே எடுத்து வைத்தாள். இந்தத் தடவை சூடு தடித்ததற்கே போகும்படி ராடைப் பிளேட்டின் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். தகட்டின் ஓரத்தை லேசாகத் தொட்டுத் தொட்டு வந்தாள். மாஸ்டர் சுத்தியலால் கசடைத் தட்டிவிட்டு, தகட்டை இடுக்கியால் பிடித்து ஓங்கி இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

மெஹருன்னிசா கையுறையைக் கழற்றினாள். அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்கு யாரு மாஸ்டர் சாய்ச்சுப் பிடிச்சா? நானும் ஐ.டி.ஐ.லேருந்துதானே காலேஜுக்கு ஏறினேன்?"

"ஏறினே. ஓட்டை விழுந்து விழுந்துதான் ஏறினே. சாயங்காலம் சாயங்காலம் இந்தப் பட்டறை வாசல்ல வந்து அழுதியே, நான் பார்க்கலயா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து, டி.சி.யில் கையெழுத்துப் போட வேண்டாம், பவுன்ராஜை இருக்கச் சொல்லுங்கள் என்று ஆபீசுக்குச் சொன்னாள்.

"ஒப்பந்தத்தை மாத்தி எழுதணும். சேர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தனியாக் கணக்கு நடத்தணும். எங்க வாத்தியாருங்க இங்க வந்து நடத்தணும். அவ்வளவு பாரமும் காலேஜுக்குத்தான். பிரின்சிபால் குதிப்பாரு மாஸ்டர்."

சூசை மாஸ்டர் கையுறையை மறுபடி மாட்டச் சொல்லி, அந்தப் பிளேட்டை இடுக்கியால் தூக்கி அவள் கையில் வைத்தார். அது இன்னும் சுட்டது.

"குதிக்கட்டும். தடிச்சதுதானே, தாங்கும்."